கரும்பு வந்தாச்சு, மஞ்சள் வந்தாச்சு... புது அரிசி எங்கே?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் பொங்கல் வாங்கும் கூட்டம். பாகூர் வயலில் இன்னும் பால் கட்டிக்கொண்டிருக்கும் கதிர்

மார்கழி கடைசி வாரம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் விடிவதற்கு முன்பே லாரிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். கடலூர்ப் பக்கத்துப் பன்னீர்க் கரும்பு தோகையோடு கட்டுக்கட்டாக இறங்கும். கட்டுக்கு 20 கரும்பு. பின்னாலேயே மினி வேன்களில் மஞ்சள் கொத்து, பரங்கிக்காய், பூசணிக்காய், கருணைக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, மொச்சை, வாழைத்தார். வில்லியனூர்ப் பக்கத்து மண்பானைகள் வைக்கோல் மெத்தையில் உட்கார்ந்து வரும். விடிந்ததும் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் இடையில் கால் வைக்க இடம் இருக்காது.

மார்க்கெட்டின் அரசாங்கப் பெயர் குபேர் அங்காடி. 1963-ல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சராக இருந்த எதுவார் குபேர் பெயரில் இருக்கிறது. ஆனால் பாகூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு என்று எந்தக் கொம்யூனிலிருந்து காய்கறி மூட்டையோடு வருகிறவரைக் கேட்டாலும் 'பெரிய மார்க்கெட்டுக்குப் போறேன்' என்றுதான் சொல்வார். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஊருக்கே மளிகை, காய்கறி, பூ, மீன் எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்ற இடம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியபோது வியாபாரிகள் கடையடைத்துப் போராடினார்கள். கட்டி முடிக்கும்வரை எங்கே போய் விற்பது, திரும்பி வரும்போது அதே இடம் கிடைக்குமா என்பதுதான் அவர்கள் பயம். தரையில் சாக்கு விரித்து நாலு கூறு கீரை விற்கும் கிராமத்து அம்மாவுக்கும் அதே பயம்தான். கடைக்காரருக்காவது காட்ட ஒரு ரசீது இருக்கும், அந்த அம்மாவிடம் அதுவும் கிடையாது.

பொங்கல் என்பது அறுவடைத் திருநாள். வயல் உள்ளவர் வயலில் விளைந்ததை வைத்துப் படைப்பார். வயல் இல்லாத பட்டணத்துக்காரருக்கு இந்த மார்க்கெட்டுதான் வயல். கரும்பை வெட்டுவதற்குப் பதில் பேரம் பேசி வாங்குகிறார், மஞ்சளைப் பிடுங்குவதற்குப் பதில் ஜோடி எவ்வளவு என்று கேட்கிறார். அங்கிருந்து ஒரு தேங்காய், ரெண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு மணக்குள விநாயகருக்கோ, காந்தி வீதி வேதபுரீஸ்வரருக்கோ போய்விட்டு வீடு திரும்புகிறார்.

எல்லாம் வாங்கிவிட்டார். ஒன்றைத் தவிர. பானைக்குள் போட வேண்டிய புது அரிசி.

மளிகைக் கடையில் 'பொங்கலுக்குப் பச்சரிசி கொடுங்க' என்றால் உடனே அளந்து கொடுப்பார்கள். அது எந்த ஊர் நெல், எந்த மாதம் அறுத்தது, என்ன ரகம் என்று கேட்டால் கடைக்காரரே சிரிப்பார். மில்லிலிருந்து வந்த மூட்டை. போன வருடத்து நெல்லாகவும் இருக்கலாம். எதற்காகத் திருநாளோ அந்தப் பொருள் மட்டும் அந்தத் தெருவில் பேர் இல்லாமல் கிடக்கிறது.

பத்து மாதப் பயிர், நாலு நாள் வியாபாரம்

கரும்புக்கு மட்டும் இந்தக் கதி இல்லை. பன்னீர்க் கரும்பு முழுக்க முழுக்க இந்தத் திருநாளுக்காகவே வளர்கிற பயிர். ஆலைக்கு ஆகாது. கடித்துத் தின்ன மட்டும்தான். சித்திரை, வைகாசியில் கரணை நட்டால் மார்கழி கடைசியில் வெட்டுக்கு வரும். நடுவில் மண் அணைக்க வேண்டும், சோகை உரிக்க வேண்டும், காற்றில் சாயாமல் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்ட வேண்டும். சோகை உரிக்கும் ஆள் கூலிதான் இதில் பெரிய செலவு. உரிக்காமல் விட்டால் கணுவுக்குக் கணு நிறம் ஏறாது. கருஞ்சிவப்பு மினுமினுப்பு இல்லாத கரும்பை மார்க்கெட்டில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இவ்வளவும் செய்து, விற்க இருப்பது நாலு நாள். போகிக்கு முந்தின நாள் காலையில் விலை நிற்கும். போகி அன்று மாலை உச்சம். பொங்கலன்று காலை பத்து மணி வரை ஓரளவு ஓடும். மத்தியானத்துக்குமேல் மிச்சக் கட்டுகளைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போகவேண்டியதுதான். மாட்டுப் பொங்கலன்று கரும்பு மாட்டுக்குத்தான்.

வானம் ஒருநாள் கோபித்தாலும் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் கரையேறியபோது பொங்கலுக்கு 16 நாள்தான் பாக்கி. படுத்த கரும்பு சாகாது. ஆனால் நுனி வெளிச்சத்தைத் தேடி மேலே வளையும். வளைந்த கரும்பைத் தோரணத்துக்கு நிறுத்த முடியாது, பாதி விலைகூடத் தேறாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. கரும்பு, நெல், காய்கறி எல்லாம் தண்ணீரில் நின்றன.

வானத்துக்கு அடுத்தபடி அரசாணை. தமிழ்நாட்டில் ரேஷன் கடை வழியாகப் பொங்கல் தொகுப்போடு முழுக் கரும்பு கொடுக்கும் பழக்கம் வந்த பிறகு கடலூர் மாவட்டத்தில் பலர் அதை நம்பியே நட்டார்கள். 2022 டிசம்பர் 22-ம் தேதி அறிவித்த தொகுப்பில் 1,000 ரூபாய், ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை மட்டும் இருந்தது, கரும்பு இல்லை. பயிர் வெட்டுக்கு நிற்கிறது, திருநாளுக்கு மூன்று வாரம். விவசாயிகள் கரும்போடு தெருவுக்கு வந்தார்கள். 28-ம் தேதி கரும்பும் சேர்க்கப்பட்டது. 6 அடிக்குக் குறையாத கரும்பு, வெட்டுக்கூலி, வண்டிக்கூலி உட்பட அதிகபட்சம் 33 ரூபாய். அந்த 33 ரூபாயில் கையில் எவ்வளவு நின்றது என்பது ஊருக்கு ஊர் வேறு கதை.

அந்தத் தொகுப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரும்புக்காகச் சண்டை நடந்தது, நியாயம்தான். 2 கோடியே 19 லட்சம் குடும்ப அட்டைக்குத் தலா ஒரு கிலோ பச்சரிசி என்றால் 21,900 டன் ஆகிறது. அந்த அரிசி புது நெல்லா, பழைய நெல்லா என்று ஒருவரும் கேட்கவில்லை. நெல் போட்டவர்களே கேட்கவில்லை.

ஜப்பானில் புது அரிசிக்குத்தான் மவுசு

நெல்லையும் கோயிலையும் இன்னும் பிரிக்காமல் வைத்திருக்கிற நாடு ஒன்று இருக்கிறது. ஜப்பான். அங்கே பெரும்பாலும் ஒரு போகம்தான். மே மாதத்தையொட்டி நடவு, செப்டம்பர், அக்டோபரில் அறுப்பு. அறுப்பு முடிகிற இலையுதிர் காலத்தில் ஊருக்கு ஊர், அந்த ஊர்க் கோயிலில் திருவிழா. புது அரிசி, அதில் செய்த மாவுப் பண்டம், அரிசி மது, மீன், காய்கறி எல்லாவற்றையும் சாமி முன்னால் வைப்பார்கள். பிறகு சாமியைப் பல்லக்கில் ஏற்றி, இளைஞர்கள் தோளில் தூக்கி, மேளத்தோடு தெருத்தெருவாக வலம் வருவார்கள். நம்மூர் சாமி புறப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதில் அந்நியமாக எதுவும் தெரியாது.

பெரிய கோயிலான இசேயில் அக்டோபர் நடுவில் இந்த விழா. பேரரசர் தன் அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் சிறு வயலில் தானே நட்டு, தானே அறுத்த கதிரை அங்கே அனுப்புகிறார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் விவசாயிகள் அனுப்பும் கதிர்க்கட்டுகளையும் கோயில் வேலியில் வரிசையாகத் தொங்கவிடுகிறார்கள். அரசர் கதிரும் குடியானவர் கதிரும் ஒரே வேலியில்தான் தொங்கும். நவம்பர் 23-ல் அரண்மனையில் புது அரிசிப் படையல். அந்த நாள் 1948 முதல் உழைப்புக்கு நன்றி சொல்லும் நாள் என்ற பெயரில் அரசு விடுமுறை.

நம் விவசாயிகளுக்கு உபயோகமான சங்கதி கோயிலுக்கு வெளியே, கடையில் இருக்கிறது. ஜப்பானில் புது அரிசிக்கு 'ஷின்மாய்' என்று பெயர். விளைந்த அதே வருடம் டிசம்பர் 31-ம் தேதிக்குள் பொட்டலம் போட்ட அரிசிக்கு மட்டும்தான் அந்தப் பெயரை அச்சிடலாம். சட்டமே இருக்கிறது. எந்த ஊர், எந்த ரகம், எந்த வருட நெல் என்பது பொட்டலத்தில் இருக்கும். இலையுதிர் காலத்தில் ஜனங்கள் கேட்டு வாங்குவது அதைத்தான்.

நம்மூரில் நேர்மாறு. பழைய அரிசிக்குத்தான் விலை. உதிரி உதிரியாக வடிய வேண்டும், வயிற்றுக்கு மந்தம் செய்யக்கூடாது என்பதால் ஆறு மாதம், ஒரு வருடம் இருப்பு வைத்த அரிசிக்கு வியாபாரி கூடுதல் விலை வைப்பார். புது நெல் என்றால் குறைத்துக் கேட்பார். வருடம் முழுவதும் சாப்பாட்டுக்கு அது சரி. புது அரிசி குழையும், ஒட்டும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும். பொங்கலுக்கு வேண்டியதும் அந்தக் குழைவுதான். புது அரிசி குறையாகத் தெரியாமல் குணமாகத் தெரிகிற ஒரே வாரம் தை முதல் வாரம். அந்த வாரத்திலும் அதைப் பேர் சொல்லி விற்க ஆள் இல்லை.

ஜப்பானிலிருந்து ஒருவர் இந்தப் பொங்கலைத் தேடியே வந்தார் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். சுசுமு ஓனோ, மொழி ஆராய்ச்சியாளர். 1919-ல் பிறந்து 2008-ல் மறைந்தவர். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் எழுதியவர். தமிழறிஞர் பொற்கோ போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று பொங்கல். ஜப்பானில் ஜனவரி 15-ஐ ஒட்டிச் 'சின்னப் புத்தாண்டு' வரும். அன்று சிவப்புப் பயறு போட்டு அரிசிக் கஞ்சி காய்ச்சுவார்கள். வடக்கே சில ஊர்களில் காக்கையைக் கூப்பிட்டுச் சோறு வைப்பார்கள். அப்போது போடும் கூச்சல் 'ஹொங்கர, ஹொங்கர' என்று கேட்குமாம். நம் 'பொங்கலோ பொங்கல்', நம் கணுப்பிடியில் காக்கைக்கு வைக்கும் சோறு இரண்டும் அதுதான் என்றார் ஓனோ. மொழியியல்காரர்களில் பெரும்பாலோர் அவருடைய மொழி உறவுக் கொள்கையை ஏற்கவில்லை. சொல் ஒற்றுமை எப்படியோ போகட்டும், நெல் விளைகிற இரண்டு ஊரில் காக்கைக்கும் பங்கு வைக்கத் தோன்றியதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நம் கோயில்களில் இருக்கிறது

புதுக் கதிரைச் சாமிக்கு வைத்துவிட்டுத்தான் வீட்டு உலையில் போடுவது என்ற வழக்கம் நம்மிடம் அழிந்துவிடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவில் நாகராஜா கோயில், சுசீந்திரம் தாணுமாலயன் கோயில், குமரி பகவதி அம்மன் கோயில்களில் ஆடி மாதம் 'நிறைபுத்தரிசி' பூஜை நடக்கிறது. வயலிலிருந்து கதிர்க்கட்டு வரும், பூஜை முடிந்ததும் பக்தர்களுக்குக் கதிரைப் பிரித்துக் கொடுப்பார்கள். வாங்கியவர் வீட்டு நிலைப்படியில் கட்டிவைப்பார். அங்கே கன்னிப்பூ அறுப்பு வருகிற காலம் அது, ஆகவே பூஜையும் அப்போதே. யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் தைப்பூசத்தை ஒட்டிப் 'புதிர்' எடுப்பார்கள். கோயில் வயலில் போய்க் கதிர் அறுத்துவந்து, அந்த நெல்லை அரிசியாக்கிப் படைப்பார்கள். புதிர் என்றால் அங்கே விடுகதை அல்ல, புது நெல்.

வட மாவட்டங்களில் பழைய ஓட்டுவீடுகளின் தாழ்வாரத்தில் நெற்கதிரைக் கூடுபோல் பின்னித் தொங்கவிட்டிருப்பார்கள். குருவி வந்து கொத்தும். இசே கோயில் வேலியைப் பார்த்து யாரும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

புதுச்சேரிப் பகுதியில் பொங்கலுக்கும் கோயிலுக்குமான தொடுப்பு ஐந்தாம் நாள் வரும். தை 5. ஆற்றுத் திருவிழா. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி மூன்று பக்கத்து ஊர்ச் சாமிகளும் தென்பெண்ணைக் கரைக்கும் சங்கராபரணிக் கரைக்கும் அலங்காரத்தோடு புறப்பட்டு வந்து தீர்த்தவாரி செய்துகொள்ளும் நாள். பாகூர்ப் பக்கத்து ஜனங்களுக்குச் சோரியாங்குப்பம் ஆற்றங்கரை. மணலில் கடை போடுவார்கள். வளையல், பொம்மை, மிளகாய் பஜ்ஜி எல்லாம் எந்தத் திருவிழாவிலும் உண்டு. ஆற்றுத் திருவிழாவுக்கு என்றே வருவது சிறுவள்ளிக்கிழங்கு. சிலர் வாயில் சுருளிக்கிழங்கு. அவித்துத் தோல் உரித்துத் தின்றால் மாவாகக் கரையும். வருடத்தில் வேறு நாளில் இதைத் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஒரு திருநாள் பிடித்து வைத்திருப்பதால்தான் இந்தக் கிழங்கு இன்னும் மண்ணில் இருக்கிறது. பன்னீர்க் கரும்பும் அப்படியே. மஞ்சள் கொத்தும் அப்படியே. திருநாளின் பட்டியலில் பெயரோடு இடம்பிடித்த பயிருக்கு வாங்க ஆள் தானாக வருகிறார்கள்.

பாகூரில் ஏன் தைக்கு முன் அறுப்பு இல்லை

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு ஒன்று இந்த ஊரில் கிடைத்தது. இங்கிருந்த கல்விச்சாலைக்கு ஊர்களைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை மூலநாதர் கோயில் ஆடல் மகளிரான பங்காரி, சிங்காரி என்ற அக்கா தங்கை தங்கள் சொத்தைச் செலவிட்டு வெட்டினார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. தேவரடியார் வெட்டிய வாய்க்காலில் பாய்ந்த தண்ணீரில்தான் இன்றும் சம்பா நிற்கிறது.

அந்தச் சம்பா பொங்கலன்று என்ன நிலையில் இருக்கும்? பெரும்பாலான வயலில் பால் கட்டி, கழுத்து வளைந்து, பச்சையும் மஞ்சளுமாக நிற்கும். அறுப்பு தை பாதிக்குமேல், மாசி வரை போகும். ஏரியில் தண்ணீர் வந்த பிறகு நடுவது, 140 நாள், 150 நாள் ரகம் போடுவது, இரண்டும் சேர்ந்து திருநாளைத் தாண்டிவிடும். முன்னால் நட்டால் பூக்கும் நேரம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாட்டிக்கொள்ளும். பூவில் மழை அடித்தால் பதர்தான் மிஞ்சும். ஆகவே விவசாயி சோம்பலால் தள்ளிப்போடவில்லை. மழையைப் பார்த்துத் தள்ளிப்போடுகிறார். அறுத்தபின் கொள்முதல் நிலையம், அல்லது வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரி. இரண்டு இடத்திலும் நெல்லுக்குப் பேர் கிடையாது, எடை மட்டும்தான்.

பத்து சென்ட் கணக்கு

இருந்தாலும் ஒரு சிறு மூலையை மட்டும் திருநாளுக்கு ஒதுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழு வயலையும் இதில் இறக்கச் சொல்லவில்லை. அப்படி இறக்குவது புத்திசாலித்தனமும் அல்ல.

தை 1 என்பது ஜனவரி 14 அல்லது 15. அரிசி பொட்டலமாகி மார்க்கெட்டுக்குப் போக ஜனவரி 10. அரைக்க ஜனவரி 7. அறுத்து, அடித்து, காயவைக்கப் பனிக்காலத்தில் ஒரு வாரமாவது வேண்டும், ஆகவே அறுப்பு டிசம்பர் 28-க்குப் பின்னால் போகக்கூடாது. அங்கிருந்து பின்னால் எண்ணினால், 110 நாள் ரகமான கோ 51 போன்றதை செப்டம்பர் 9-ஐ ஒட்டி விதைக்க வேண்டும். 135 நாள் ரகமென்றால் ஆகஸ்ட் 15. மாப்பிள்ளைச் சம்பாபோல் 155 நாளுக்குமேல் நிற்பதென்றால் ஜூலை கடைசி வாரமே நாற்றங்கால் தயாராக வேண்டும். பாரம்பரிய ரகங்களில் உயரமாக வளர்பவை மழைக்காற்றில் சாயும், மேட்டுப்பாங்கான, வடிகால் உள்ள வயலாகப் பார்த்துப் போடவேண்டும்.

எப்படி எண்ணினாலும் பூ நவம்பர் கடைசியில்தான். கதிர் வெளிவருவதிலிருந்து அறுப்புக்கு ஒரு மாதம். அது புயல் மாதம். இந்த ஆபத்தை மறைத்துக் கணக்குச் சொல்வதில் அர்த்தமில்லை. பத்து சென்ட் போனால் தாங்கலாம், இரண்டு ஏக்கர் போனால் தாங்க முடியாது.

இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் உள்ளவர்கள் குறுவை போட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கிறார்கள். அந்த நெல்லில் நாலு மூட்டையை விற்காமல் காயவைத்து நிறுத்திவைத்து, ஜனவரி முதல் வாரம் அரைத்தால் பொங்கலன்று அதற்கு மூன்று, மூன்றரை மாத வயது. நேற்று அறுத்த நெல் அளவுக்குக் குழையாது. ஆனால் எப்போது அறுத்தது என்று தேதி போட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கலாம்.

ஏக்கருக்கு 75 கிலோ மூட்டை 20 கண்டால் பத்து சென்டில் இரண்டு மூட்டை, 150 கிலோ நெல். பச்சரிசியாக அரைத்தால் நூற்றுக்கு அறுபது தேறினாலும் 90 கிலோ அரிசி. அரைக் கிலோப் பொட்டலம் 180. ஒரு குடும்பத்துப் பொங்கல் பானைக்கு அரைக் கிலோ தாராளம். பெரிய மார்க்கெட் வாசலில் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு விரிக்க இடம் கிடைத்தால் 180 பொட்டலம் போகி அன்று ஒரு நாளில் போகிற சரக்குதான். இடம் கிடைக்காவிட்டால் கரும்பு, மஞ்சள், பானை விற்பவரோடு சேர்ந்து ஒரே தொகுப்பாகக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. அறுக்கும்போது நெல்லில் ஈரம் 20 சதவிகிதத்துக்குமேல் இருக்கும், அதை 14 சதவிகிதத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடும் வெயிலில் ஒரே நாளில் காயவைத்தால் அரைக்கும்போது நொறுங்கும். நிழலும் வெயிலுமாக மாற்றி, கிளறிக் கிளறிக் காயவைக்க வேண்டும். தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்தால் கல் கலக்கும். சாமிக்குப் படைக்கிற அரிசியில் கல் இருந்தால் அடுத்த வருடம் அந்த வீட்டுக்காரர் வரமாட்டார். இரண்டு மூட்டையைப் பெரிய மில்லில் அரைக்கமாட்டார்கள், ஊரில் இருக்கும் சின்ன ரைஸ் மில்லை முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும். பொங்கலுக்கு முந்தின வாரம் அங்கே மாவு அரைக்கிற கூட்டம் இருக்கும். அரிசியை மினுமினுவென்று தீட்ட வேண்டாம். குருணை கொஞ்சம் கலந்தாலும் சர்க்கரைப் பொங்கலுக்குக் கேடில்லை. பொட்டலம் போட்டு விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவை ஆன்லைனில் எடுத்துக்கொள்வது நல்லது. பொட்டலத்தில் ஊர், ரகம், அறுத்த தேதி, அரைத்த தேதி நாலும் வேண்டும். புது அரிசிக்குத் தண்ணீர் குறைத்து வைக்கவேண்டும் என்பதையும் எழுதிவிடலாம். குக்கரில் பொங்கல் வைக்கும் வீடுகளில் வழக்கமான அளவு தண்ணீர் ஊற்றினால் கூழாகிவிடும், பழி அரிசி மேல் விழும்.

பானையில் வைக்கிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. புது அரிசி களைந்த தண்ணீர் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். உலையில் அது சீக்கிரம் நுரைத்து விளிம்பைத் தொடும். பொங்கி வழிவதற்காகக் காத்திருக்கும் குழந்தைகளுக்கு அதுதானே வேடிக்கை.

விலை என்ன வைப்பது என்பதை விவசாயியே முடிவு செய்ய வேண்டும். கொள்முதல் விலையை அரிசிக்குக் கணக்குப் பார்த்து, கூலி, அரவை, பொட்டலம், வண்டி சேர்த்து, மேலே வைப்பது நியாயம். கரும்புக்காரரின் அனுபவத்தை மட்டும் மறக்கக்கூடாது. பொங்கலன்று மத்தியானம் கரும்புக்கு விலை செத்துப்போகும். அரிசி அப்படி அல்ல. மிஞ்சினால் வீட்டுக்கு எடுத்துப்போய் ஆறு மாதம் வைத்தால் பழைய அரிசி, அதற்கு அதன் விலை.

தை 5 முடிந்து சாமிகள் ஆற்றங்கரையிலிருந்து ஊர் திரும்பும்போது பெரிய மார்க்கெட் தெருக்களில் கரும்புச் சோகையை நகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போயிருக்கும். உடையாத பானைகள் அடுத்த வருடத்துக்காகத் திரும்ப வைக்கோலுக்குள் போயிருக்கும். பாகூர் ஏரிக்குக் கீழே கதிர் அப்போதுதான் பழுக்கத் தொடங்கும். வரப்பில் நின்று நாலு நெல்மணியை உருவிக் கடித்துப் பார்ப்பார்கள். இன்னும் பத்து நாள் என்பார்கள். அறுவடை மெஷினுக்கு முன்பணம் கொடுப்பது அதற்கப்புறம்.